ஓடிபி பத்து நிமிஷம்தான் செல்லும்

ஜூன் 6, வெள்ளி

மக்களே வந்துடுச்சு வந்துடுச்சு வந்துடுச்சு, ‘ஏழாம் மாடி மருத்துவர்’ ரெண்டாவது சீசன் தமிழ்ல இருபத்தேழாம் தேதி வருது, குரல் நம்ம டார்வின் அண்ணாவேதான், ஆள மாத்தல, மாத்தல, மாத்தல.

கம்பெனி பஸ்ல உக்காந்து இதப் பாத்தேன். கத்தணும் போல இருந்துச்சு. பக்கத்து சீட்ல இருந்த அக்கா ஜன்னல்ல தலைய சாச்சு தூங்கிட்டு இருந்தாங்க. அதனால ஷாலக் கடிச்சுக்கிட்டேன்.

புதுசா வர்றவங்களுக்கு: டார்வின் ஜெபஸ் அண்ணா டப்பிங் ஆர்ட்டிஸ்ட். அந்தக் கொரியன் சீரியல்ல டாக்டரா வர்ற ஹீரோவுக்குத் தமிழ்ல பேசுறது அவர்தான். மூஞ்சி யாருக்கும் சரியா தெரியாது. நெட்ல ஒரே ஒரு போட்டோ இருக்கு, அதுலயும் மைக் பாதி மறைச்சிருக்கும். நமக்கு மூஞ்சி எதுக்கு. அவருக்குன்னு ‘காதுப்படை’ன்னு ஒரு பேஜ் இருக்கு, பன்னெண்டாயிரம் பேர். அதோட அட்மின் நான்தான், கோமதி, வயசு இருபது, ஊரு சங்கரன்கோவில், இப்ப ஒரகடத்துல காருக்கு வயர் கட்டுற கம்பெனி, லேடீஸ் ஹாஸ்டல், ரூம் பன்னெண்டு, மேல் கட்டில்.

அப்புறம் ஏன் இந்தப் புது பேஜ்ல எழுதுறேன்னு கேப்பீங்க. கேக்க இங்க நாலு பேர்தான் இருக்கீங்க. அதுல ஒண்ணு என்னோட இன்னொரு அக்கவுண்ட், ஒண்ணு லோன் விளம்பரம்.

பழைய பேஜ் என் போன்லயேதான் இருக்கு. ஆனா உள்ள போக முடியல. போன்ல பிரைவேட் ஸ்பேஸ்னு ஒண்ணு இருக்குல்ல, போனுக்குள்ள இன்னொரு பூட்டுன போன் மாதிரி, அதுக்குள்ள வெச்சிருந்தேன். ஹாஸ்டல்ல ஒரு நாள் என் போன எடுத்து நான் அண்ணாவுக்கு எழுதின கவிதைய எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டாளுங்க. அன்னிக்கே பேஜ், வீடியோ எடிட்டு, சாட் எல்லாத்தையும் உள்ள தள்ளி தனி பின் போட்டுட்டேன்.

அந்தப் பின் இப்ப மறந்துபோச்சு.

சிரிக்காதீங்க. ரிலீஸுக்குள்ள திறந்துடுவேன். அதுவரைக்கும் நடக்கறத இங்க தினம் எழுதறேன், ஹேஷ்டேக் லாக்டைரி.

ஜூன் 7, சனி

பின் எப்படி மறக்கும்னு லோன் விளம்பரம் கேக்கல, நானே சொல்றேன்.

காதுப்படைல நாங்க யாரும் ‘அந்த சீன் சூப்பர்’னு சொல்ல மாட்டோம். எபிசோடு, நிமிஷம், செகண்டு, அவ்வளவுதான். ‘ஒன்பது, முப்பத்தொண்ணு, நாலு’ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டா மத்தவங்க எல்லாம் அழுற பொம்ம போடுவாங்க. அந்த எடத்துலதான் டாக்டர் மாடிப்படில நின்னு, “நான் வீட்டுக்குப் போறேன், ஆனா வீடு எங்கன்னு தெரியல”ம்பாரு. கொரியன்ல அந்த ஆள் சும்மா சொல்லிட்டுப் போவாரு. டார்வின் அண்ணா ‘வீடு’க்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாரு பாருங்க. அந்த மூச்சு ஒரிஜினல்லயே கிடையாது.

எங்க பாஸ்வேர்டு எல்லாமே அந்த நம்பர்தான். மாசம் ஒரு சீன், மாசம் ஒரு பின். கடைசியா நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பாதி தூக்கத்துல மாத்தினேன். எந்த சீன்னு ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் அந்த ஆப்காரங்க தொடக்கப் பாட்ட வெட்டிட்டாங்க, எல்லா நேரமும் முன்னால வந்துடுச்சு. இப்ப பாத்து எழுதினா பழைய நம்பர் கிடைக்காது.

காலைல இருந்து போட்டுப் பாத்தேன். மாடிப்படி, லிஃப்டு, மழை, ஆம்புலன்ஸ். மொதல்ல அரை நிமிஷம் காத்திருக்கச் சொல்லுச்சு, அப்புறம் அஞ்சு நிமிஷம், அப்புறம் ஒரு மணி நேரம். இப்ப ‘நாளை முயற்சிக்கவும்’னு காட்டுது.

ரூம்மேட் ஜீவிதா கீழ் கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தா. அவ விழுப்புரம் பக்கம், நிச்சயம் ஆயிடுச்சு, இருபத்துநாலு மணி நேரமும் காதுல போன்.

“என்னாடி, ஏடிஎம் கொள்ளையா?”

“உன் வேலையப் பாரு.”

“பாக்கத்தான் செய்யறேன். நீ அந்தப் போன முறைக்கிற மாதிரி ஒரு நாளாவது எங்காளு என்னைப் பாத்தா நல்லாருக்கும்.”

ஜூன் 8, ஞாயிறு

வார லீவு. ஹாஸ்டல் காலி. பக்கத்து ஊர்க்காரங்க எல்லாம் சனிக்கிழமையே கிளம்பிடுவாங்க. சங்கரன்கோவிலுக்கு ஒரு நாள் லீவுல போய்ட்டு வர முடியாது. துணி துவைச்சேன். பெட்ஷீட்ட ரெண்டு தடவ துவைச்சேன்.

அப்புறம் மெயின் ரோட்டு மொபைல் கடைக்குப் போனேன். அங்க இருக்கிற அண்ணா போன வாங்கித் திருப்பிப் பாத்தாரு.

“இது போன் லாக் இல்லம்மா, உள் லாக். பின் தெரியலன்னா அந்த ஸ்பேஸ மட்டும் அழிச்சுட்டு புதுசா போடலாம். பத்து நிமிஷ வேலை.”

“அழிச்சா?”

“உள்ள இருக்கறது போயிடும். அதான் அழிக்கறது.”

“வேற வழி இல்லையாண்ணா?”

“மறந்தா திறக்கறதுக்குன்னு ஒரு மெயில் குடுத்திருப்பீங்க. அதுல போய்த்தான் எடுக்கணும். உள்ள என்னம்மா இருக்கு, லவ்வா?”

“ஆபீஸ் ஃபைல்ண்ணா.”

“ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாருக்கும் ஆபீஸ் ஃபைல்தான்”னு சொல்லிட்டு போனக் குடுத்துட்டாரு.

மெயில் போட்டுப் பாத்தேன். அது காதுப்படையோட மெயில். நான் ஆரம்பிச்சது இல்ல, கூட இருந்த அட்மின் அஜிலா ஆரம்பிச்சது. ஃபேன் பேஜ்ல அப்படித்தான், ஒருத்தியோட பூட்டுக்கு இன்னொருத்தியோட நம்பர். எவளாவது கோவத்துல பேஜ தூக்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல. அதனால ஓடிபி போறது அஜிலாவோட நம்பருக்கு. ‘61ல் முடியும் எண்ணுக்கு குறியீடு அனுப்பவா?’ன்னு கேட்டுச்சு.

‘பிறகு’ன்னு அழுத்திட்டேன். லேட் ஆயிடுச்சு, மெஸ்ஸு மூடிடுவாங்க.

ஜூன் 9, திங்கள்

இந்த வாரம் மதிய ஷிஃப்ட். சாம்பார்ல முருங்கைக்காய். வேற ஒண்ணும் இல்ல.

ஜூன் 11, புதன்

நாலு பேர் அஞ்சு பேரா ஆயிருக்கோம், வணக்கம். அஞ்சாவது ஆள் “உள்ள அப்படி என்ன இருக்கு, புது பேஜே பெருசாக்கலாமே”ன்னு கேட்டிருக்காரு. நல்ல கேள்வி.

உள்ள இருக்கறது: பன்னெண்டாயிரம் பேர். சீசன் டூவுக்குன்னு நான் செஞ்சு வெச்ச வீடியோ, பாதி முடிஞ்சது. அண்ணா ஒரு தடவ போட்ட ஹார்ட்டோட ஸ்க்ரீன்ஷாட். அப்புறம் பேஜுக்குன்னு வெச்சிருந்த தனி வாட்ஸ்அப்ல அஜிலாவோட சாட், ரெண்டு வருஷ வாய்ஸ் நோட்டு. அது ஒரு எக்ஸ்ட்ராதான்.

அஜிலா யாருன்னா, மார்த்தாண்டம் பக்கம், என்னை விட மூணு வயசு பெரியவ, நர்ஸு. மொதல்ல சண்டைலதான் பழக்கம். அந்த மாடிப்படி மூச்சு டார்வின் அண்ணா விட்டது இல்ல, சவுண்டு இன்ஜினியர் சேர்த்ததுன்னு ஒரு கமெண்ட் போட்டா. நான் விடல. அவளும் விடல. அன்னிக்கு ராத்திரி வாய்ஸ் நோட்டுல, “எட்டி, உனக்கு வேற சோலி இல்லியா?”ன்னு கேட்டா. இல்லன்னேன். “எனக்கும் இல்ல கேட்டியா”ன்னா. அதுல இருந்து தினம்.

நேர்ல பாத்தது இல்ல. பாக்கணும்னு தோணினதும் இல்ல. அவ பேசுவா, நான் வயர் கட்டின கைக்கு எண்ணெய் தடவிக்கிட்டே கேப்பேன். பஸ் கண்டக்டர் கூட சண்டை, அவங்க அம்மா வெச்ச மீன்குழம்பு, ஆஸ்பத்திரில ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடில ஒளிஞ்ச போலீஸ்காரர். டார்வின் அண்ணா மாதிரியே பேசிக் காட்டுவா. குரல கனமாக்கி, “கோமு, மாத்திரை போட்டியா?”ம்பா. எனக்குக் காய்ச்சலே இருக்காது.

போன வருஷக் கடைசில மஸ்கட்ல வேலை கிடைச்சு போயிட்டா. ஜனவரில காதுப்படை குரூப்ப விட்டு ‘வெளியேறினார்’னு வந்துச்சு. பெரிய விஷயம் இல்ல. பிஸியா இருப்பா. என் சொந்த வாட்ஸ்அப்ல அவ ஸ்டேட்டஸ் எல்லாம் பாக்கறேன். அங்க யாருக்கோ பர்த்டே, கேக்கு நல்லாருந்துச்சு, பச்சை கலர்.

ஓடிபி மட்டும் கேட்டா போதும். ஒரு மெசேஜ். நாளைக்கு அனுப்பிடலாம்.

ஜூன் 12, வியாழன்

அனுப்பல. லைன்ல ஆள் கம்மி, டயர்டு.

ஜூன் 13, வெள்ளி

எட்டு மாதிரி எழுதிப் பாத்து அழிச்சேன். ‘ஹாய் அஜி’ன்னு ஆரம்பிச்சா ரொம்ப நாள் கழிச்சு வேலைக்காக ஹாய் சொல்ற மாதிரி இருக்கு. ‘எப்படி இருக்க’ன்னா அவ ‘நல்லாருக்கேன்’னு சொல்லிட்டா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. வெறும் சிரிக்கிற பொம்ம போட்டா கை தவறி வந்துச்சுன்னு நினைப்பா.

ஜீவிதா போனப் புடுங்கிப் பாத்துட்டு, “நான் எங்க மாமியாருக்குக்கூட இவ்வளவு யோசிச்சு எழுதல”ன்னா.

கடைசில ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இதான் அனுப்பினேன்: ‘வணக்கம். காதுப்படை நிர்வாகத்தின் சார்பாக. பக்கத்தை மீட்க தங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி தேவைப்படுகிறது. நன்றி.’

அனுப்பிட்டு போன கேட் லாக்கர்ல வெச்சுட்டு உள்ள போயிட்டேன். எட்டு மணி நேரம் கையில போன் இல்ல. நல்லதுதான்.

ஜூன் 14, சனி

பதில் வந்துச்சு, மக்களே.

‘நிர்வாகம்னா யாரு? நீ ஒருத்திதானே எட்டி.’

அப்புறம் அரை மணி கழிச்சு இன்னொண்ணு. ‘அந்த இந்தியா சிம்ம எடுத்துப் போடணும். என் போன்ல ஒரு சிம்தான் ஏறும். இங்கத்த சிம்ம கழட்டணும். மதியம் பிரேக்ல, கேன்டீன் வைஃபைல மட்டும்தான் முடியும். உங்க டைம் ரெண்டரை.’

ரெண்டரைக்கு நான் லைன்ல நிப்பேன், என் போன் லாக்கர்ல தூங்கும். அந்த ஓடிபி பத்து நிமிஷம்தான் செல்லும். நான் இங்க அழுத்தணும், அது அவளுக்குப் போகணும், அவ எனக்கு அனுப்பணும், நான் போடணும், எல்லாம் பத்து நிமிஷத்துக்குள்ள. நான் ‘ஞாயிறு ஓகேவா, எனக்கு லீவு’ன்னு கேட்டேன்.

‘ம்’ன்னு போட்டா.

ஒரு ‘ம்’. பரவால்ல, ஓகேவச் சுருக்கி வெறும் ‘கே’ன்னு போடலியே.

ஜூன் 15, ஞாயிறு

காலைலயே குளிச்சு தலைவாரி உக்காந்துட்டேன். ஓடிபி வாங்கறதுக்கு எதுக்குத் தலைவாரணும்னு ஜீவிதா கேட்டா. இந்த வாரம் அவ ஊருக்குப் போகல, மாப்ள கூட சண்டை.

ரெண்டரைக்கு அழுத்தினேன். ஒரு நிமிஷத்துல அஜி ஆறு நம்பர் அனுப்பிட்டா. கூடவே, ‘சாப்டியா?’

‘சாப்டேன், நீ?’

‘இனிதான். சாண்ட்விச்சு. சவம், இந்த ஊர்ல சாண்ட்விச்ச சாப்பாடுன்னு சொல்லுதாவ.’

நான் சிரிச்சேன். அவ வார்டுல ஒரு பாட்டா இருக்காராம் (அவங்க ஊர்ல தாத்தாவ அப்படித்தான் சொல்வாங்க), அரபிக்காரர், இவள மட்டும் ‘டாக்டர்’னு கூப்பிடுவாராம், டாக்டர ‘நர்ஸு’ம்பாராம். நான் எங்க லைன்ல புதுசா வந்த சூப்பர்வைசரப் பத்திச் சொன்னேன். அப்புறம் அவ, ‘திறந்துச்சா?’ன்னா.

நெட்வொர்க் பிரச்சனை, மக்களே. பத்து நிமிஷம் தாண்டிப்போச்சு. ‘டைம் ஆயிடுச்சு அஜி, இன்னொரு நாள் அனுப்பறியா’ன்னு கேட்டேன். ‘சரி’ன்னா.

ஜீவிதா எட்டிப் பாத்து, “டவர் ஃபுல்லாதானே காட்டுது”ன்னா. அவளுக்கு நெட்வொர்க்கப் பத்தி ஒண்ணும் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

இந்த வாரம் காலை ஷிஃப்ட். ரெண்டு மணிக்கே போன் கையில. கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடில நின்னே ரெண்டரைக்கு ஓடிபி கேட்டேன். பஸ்ஸ விட்டுட்டேன், அடுத்தது நாலு மணிக்கு.

அஜி நம்பர் அனுப்பினா. கூட சாப்பாட்டு போட்டோ. தயிர்சாதம், அவளே காலைல செஞ்சதாம். ‘ஊறுகாய் எங்க?’ன்னு கேட்டேன். ‘ஊறுகாய் இருந்தா நான் ஏன் உன்கிட்ட பேசிட்டு இருக்கேன்’னா.

அவ சீசன் டூ பத்திக் கேக்கவே இல்ல. நானா சொன்னேன், டார்வின் அண்ணாதான் குரல்னு. ‘தெரியும்’னா. ‘எப்படித் தெரியும், குரூப்ல இல்லியே நீ?’ ‘எட்டி, காதுப்படைல இல்லன்னா எனக்குக் காது இல்லாமப் போயிருமா?’

இந்தத் தடவ கோடு மாத்திப் போட்டுட்டேன். ரெண்டு நம்பர் இடம் மாறிடுச்சு. வெயில்ல ஸ்க்ரீன் சரியா தெரியல. வெள்ளிக்கிழமை பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

புது பேஜ்ல எட்டுப் பேர் ஆயாச்சு.

ஜூன் 18, புதன்

மெஸ்ஸுல தயிர்சாதம். நான் போட்டோ எடுத்தேன். ஊறுகாயோட.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் ஏழு நாள். மத்த ஃபேன் பேஜ் எல்லாம் கவுண்ட்டவுன் போட ஆரம்பிச்சுட்டாங்க. காதுப்படை பேஜ்ல மட்டும் கடைசி போஸ்ட்டு மே மாசத்தோட நிக்குது. வெளில இருந்து பாத்தா செத்துப்போன பேஜ் மாதிரி இருக்கு. கீழ எவனோ ‘அட்மின் கல்யாணம் ஆகி போயிட்டாங்களா’ன்னு கேட்டிருக்கான்.

இன்னிக்கும் வேப்பமரத்தடி. அஜி கோடு அனுப்பினா, கூட ஒண்ணும் எழுதல. நான் ‘சாப்டியா’ன்னு கேட்டேன். ரெண்டு டிக்கு நீலமாச்சு. நான் ஊறுகாய் போட்டோ அனுப்பினேன். ரொம்ப நேரம் கழிச்சு, ‘திறந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு. சிம்ம மாத்தணும்’னு வந்துச்சு.

ஸ்க்ரீன் தொங்கிடுச்சுன்னு சொன்னேன். சில சமயம் தொங்கும்.

‘சரி. ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுதேன்’னா.

கூப்பிடுறாளாம். குரல்ல. மக்களே, வேண்டிக்கோங்க. பேஜுக்காக.

ஜூன் 21, சனி

தூக்கம் வரல. நான் மொதல்ல ஹலோ சொல்லணுமா, அஜி சொல்லணுமா?

ஜூன் 22, ஞாயிறு

நடந்தத அப்படியே எழுதறேன். அதுக்கப்புறம் அன்ஃபாலோ பண்றவங்க பண்ணிக்கலாம்.

ரெண்டரைக்கு வாட்ஸ்அப் கால் வந்துச்சு. நான் மொட்டை மாடில தண்ணி டேங்க் நிழல்ல உக்காந்திருந்தேன். அவ குரல் கொஞ்சம் மாறியிருந்துச்சு, தொண்டை கட்டின மாதிரி. பின்னாடி ட்ராலி உருள்ற சத்தம்.

“எட்டி, ஒரு விஷயம் கேப்பேன், பொய் சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“நீ கோட போடுதியா, இல்லியா?”

“போட்டேன் அஜி. நெட்வொர்க்கு, அப்புறம் வெயிலு, அப்புறம்...”

“தப்பாப் போட்டா அந்த நம்பருக்கே மெசேஜ் வரும், ‘தவறான முயற்சி’ன்னு. மூணு தடவ அனுப்பியாச்சு. ஒரு தடவகூட வரல்ல.”

இது எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா அட்மினா இருக்கேன், எனக்கே தெரியாது.

போன இன்னொரு காதுக்கு மாத்தினேன்.

“மொதல் தடவையே எனக்கு டவுட்டு”ன்னா. “சரி, பிள்ளைக்கு எதோ கஷ்டம், விடுன்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை நான் இங்கத்த சிம்ம கழட்டி வெச்ச நேரத்துல இன்சார்ஜ் கூப்பிட்டுருக்காவ. லைன் கிடைக்கல. ஒரு பேஷண்ட ஐசியூ மாத்தணும், ஆளு நான். பதினைஞ்சு நிமிஷம் எல்லாரும் என்னைத் தேடிருக்காவ. அத்தன பேர் முன்னால வெச்சு திட்டு. நான் கேன்டீன்ல உக்காந்து, உனக்குத் திறந்துச்சான்னு பாத்துட்டு இருக்கேன்.”

“அந்தப் பேஷண்ட்டு?”

“நல்லாருக்காரு. அந்தப் பாட்டாதான். இப்பவும் என்னை டாக்டர்னுதான் கூப்பிடுதாரு. அத விடு. நீ என்னத்துக்கு இப்படி செய்யுத?”

“கோடு போட்டுட்டா திறந்துடும்ல.”

“திறக்கத்தானே கேட்ட?”

“திறந்துட்டா நீ சிம்ம மாத்திடுவ.”

சொன்னதும் வெச்சுடுவான்னு நினைச்சேன். வெக்கல.

“உள்ள என்னட்டி இருக்கு அப்படி? பேஜா?”

“பேஜ் இருக்கு. உன் வாய்ஸ் நோட்டு இருக்கு. கண்டக்டர் சண்டை, போலீஸ்காரர் எல்லாம். அழிஞ்சா போயிடும்.”

“நான் இந்தா பேசிட்டு இருக்கேன். பழசு எதுக்கு உனக்கு?”

“நீ ஜனவரில இருந்து பேசலியே.”

“நீ கூப்பிட்டியா?”

“நீதான குரூப்ப விட்டுப் போன.”

“குரூப்பதானே விட்டேன்”னா. “எட்டி, பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு ரூமுக்கு வந்து போன எடுத்தா, குரூப்ல முந்நூறு மெசேஜு. எல்லாரும் கூடிச் சிரிச்சுட்டு இருப்பாவ. எனக்கு எதுக்குச் சிரிக்காவன்னே தெரியாது, மேல போய் வாசிக்கவும் தெம்பு இருக்காது. இங்க ரூம்ல நாலு பேரு, ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. தூக்கம் வரல்லன்னா அந்த சீரியலப் போட்டு போனத் திருப்பி வெச்சுட்டு குரல மட்டும் கேட்டுட்டுக் கிடப்பேன். உனக்கு என்ன, பன்னெண்டாயிரம் பேரு இருக்காவன்னு நினைச்சேன்.”

“அந்தப் பன்னெண்டாயிரம் பேர்ல ஒருத்தர்கூட நான் சாப்டேனான்னு கேட்டது இல்ல.”

“அவங்க எதுக்குக் கேக்கணும், நீ அவங்களுக்கு அட்மின்.”

ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதோம்னு நினைக்கறேன். அவ மூக்கு உறிஞ்சினா, சளியாவும் இருக்கலாம்.

அப்புறம் அவ நர்ஸ் குரலுக்கு மாறிட்டா. “இந்தியா சிம்ம போட்டாச்சு, இப்ப அழுத்து. கோடு வரட்டும். நான் லைன்லயே இருப்பேன். நீ போட்டு, திறந்து, உள்ள இருக்கறத எனக்கு வாசிச்சுக் காட்டினாத்தான் வெப்பேன்.”

அழுத்தினேன். அவ ஒவ்வொரு நம்பரா சொன்னா, ஊசி மருந்து அளவு சொல்ற மாதிரி. நான் ஒவ்வொண்ணா போட்டேன். கடைசி நம்பருக்கு முன்னாடி விரல் நின்னுச்சு.

“போடு.”

“போட்டா...”

“ரெண்டு ஊர்லயும் நாளைக்கும் ரெண்டரை மணி வரும் பிள்ளே. போடு.”

போட்டேன். புது பின் கேட்டுச்சு. திறந்துச்சு.

ஜூன் 23, திங்கள்

பேஜ் திரும்ப வந்தாச்சு. அதுலயே அறிவிச்சுட்டேன், அட்மினுக்குக் கல்யாணம் ஆகலன்னும் போட்டுட்டேன். கமெண்ட்ல ஒரே ஹார்ட்டு. டார்வின் அண்ணா இன்னும் பாக்கல, பரவால்ல. இந்தக் குட்டிப் பேஜ மூடலாம்னு நினைச்சேன், ஆனா நீங்க எட்டுப் பேர் எல்லாத்தையும் வாசிச்சுட்டீங்க. உங்கள எங்க அனுப்பறது.

ராத்திரி மேல் கட்டில்ல போர்வைக்குள்ள அஜியோட பழைய சாட்ட எடுத்தேன். மொத்தத்தையும் கேக்கலாம்னுதான் எடுத்தேன். மேல போய்க்கிட்டே இருந்தேன்.

போன வருஷம் நவம்பர்ல ஒண்ணு இருந்துச்சு. அஜி, ‘நாளைக்கு மஸ்கட் இன்டர்வியூ எட்டி, பயமா இருக்கு, கூப்பிடவா?’ன்னு கேட்டிருக்கா. அதுக்குக் கீழ நான் அனுப்பினது டார்வின் அண்ணாவோட ஆம்புலன்ஸ் சீன் க்ளிப்பு. ‘பயந்தா பயந்துக்கிட்டே போ, ஆனா போ’ன்னு வரும்ல, அது. டயலாக் பொருத்தமாத்தான் இருந்துச்சு.

அங்க இருந்து கொஞ்சம் கீழ வந்தேன். அவ, ‘அம்மாக்கு சுகர் ஏறிட்டு.’ நான், பன்னெண்டு, ஏழு, நாப்பது. அவ, ‘ஏர்போர்ட்ல நிக்கேன், எந்த கேட்டுன்னே தெரியல்ல.’ நான், புது எடிட்டு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கேன்.

அதுக்கு மேல கேக்கல. கண்ணு எரிஞ்சுது, இந்த வாரமும் காலை ஷிஃப்ட்தான், அலாரம் நாலு மணிக்கு.

ஜூன் 25, புதன்

ரெண்டரைக்கு நான் கூப்பிட்டேன். ஓடிபி எதுவும் வேண்டியிருக்கல.

“என்னட்டி, மறுபடி பூட்டிட்டியா?”

“இல்ல. அம்மாக்கு சுகர் எப்படி இருக்கு?”



“அது போன வருஷக் கதையாச்சே”ன்னா.

“இப்ப எப்படி இருக்கு?”

சொன்னா. நல்லா பெருசா சொன்னா. கால்ல புண்ணு வந்தது, அவங்க அம்மா நாட்டு மருந்து போட்டு இழுத்துக்கிட்டது, இவ அங்கிருந்தே போன்ல கத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது. இந்தத் தடவ பஸ்ஸ விட்டதுக்கு வேற காரணமே எழுத வேண்டியது இல்ல. ரெண்டு பஸ்ஸ விட்டேன்.

வைக்கும்போது அவ கேட்டா, “வெள்ளிக்கிழமை ரிலீஸு, நீ மொத நிமிஷமே பாத்துருவல்ல?”

“பாக்காம? பெர்மிஷன்கூட கேட்டு வெச்சிருக்கேன்.”

“எனக்கு டூட்டி. ஞாயித்துக்கிழமைதான் லீவு மாத்திக் கிடைச்சிருக்கு. பாத்துட்டுச் சொல்லு, அந்த மூச்சு விடுதாரான்னு.”

“சரி.”

வெச்சதுக்கு அப்புறம் வேப்பமரத்தடில நின்னுக்கிட்டே இருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

காதுப்படைலயும் இங்கயும் ஒரே போஸ்ட்டு. பெரிய பேஜ்ல சின்னதா போட்டேன், உங்களுக்கு முழுசா சொல்றேன்.

மக்களே, ரிலீஸ் நாளைக்கு. நாளைக்கு நான் பாக்க மாட்டேன். நாளான்னிக்கும் பாக்க மாட்டேன். கிளிப்பு, ட்ரெய்லர், ஸ்டேட்டஸ் எதுவும் பாக்க மாட்டேன். ஜீவிதா கிட்ட சொன்னேன், “உனக்குக் காய்ச்சலாடி?”ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தா. அப்புறம், “எங்காள் கூட சமாதானம் ஆகலன்னா நானும் உங்ககூட உக்காந்துக்கறேன், கொரியன் பையன் நல்லாருப்பானா?”ன்னா. கட்டில்ல இடம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை, இருபத்தொன்பது, சாயங்காலம் நாலு மணி இந்திய நேரம், மஸ்கட் நேரம் ரெண்டரை. எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருந்து ஒரே நேரத்துல ப்ளே அழுத்துவோம். பஸ்ல இருந்தா பஸ்ல, வார்டுல இருந்தா ஹெட்போன்ல ஒரு காது மட்டும். யாரும் கூட இல்லாம பாக்கறவங்க குறிப்பா வாங்க. அஜிலாவும் வருவா. அவ குரூப்ல மறுபடி சேர மாட்டா, யாரும் கூப்பிட வேண்டாம், முந்நூறு மெசேஜ் போட்டு அவள ஓட வெக்காதீங்க.

வெள்ளிக்கிழமையே பாத்துட்டவங்க வாயத் திறக்கக் கூடாது. அந்த மூச்சு இருக்கா இல்லையான்னு எவனாவது கமெண்ட்ல சொன்னா பிளாக். டார்வின் அண்ணாவே சொன்னாலும் பிளாக்.

வர்றவங்க கீழ பேரப் போடுங்க. நிமிஷம், செகண்டு எல்லாம் வேண்டாம். பேரு, ஊரு, அப்புறம் மதியம் என்ன சாப்டீங்கன்னு.